எழுப்பிப் பாத்தீரா

இன்று காலையில் தெருமுனையில் கீற்றைக் கொளுத்தினார்கள். உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போட்ட பந்தலின் கீற்றுதான். பழைய கீற்று, இனி எதற்கும் ஆகாது என்று நம் தெரு ஆட்கள் வாய்க்கால் ஓரமாகக் குவித்துத் தீ வைத்தார்கள். நான் அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாக அந்த வாசம் உள்ளே வந்ததும் சுளகை அரிசியோடு கீழே போட்டுவிட்டேன். என் மருமகள் ஓடிவந்து, "என்னத்தே, தலை சுத்துதா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் என்ன சொல்வது? எரிகிற தென்னங்கீற்றின் வாசம் எனக்கு ஒரே ஒரு சாயங்காலத்தின் வாசம். அந்தச் சாயங்காலத்தை என்னோடு பேச நீ ஒருத்திதான் இருந்தாய். இப்போது நீயும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து உனக்கே எழுதுகிறேன்.

உன்னை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது உன் கையில் இருந்த கல்.

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில் பங்குனித் திருவிழா. அப்போது மில்லில் நூலைக் கூம்பில் சுற்றும் வைண்டிங் பிரிவில் நீயும் நானும் அடுத்தடுத்த மெஷின். வேலை முடிந்து அப்படியே தலையில் பஞ்சோடு கச்சேரி பார்க்கப் போய்விட்டோம். மெல்லிசைக் கச்சேரி. சினிமாப் பாட்டு. பொழுது இறங்கி, மேடையில் இரண்டாவது பாட்டு தொடங்கியபோது கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. கூட்டம் முதலில் விசில் அடித்தது. பிறகு செருப்பு பறந்தது. பிறகு கல். டிரம்ஸ் வாசித்தவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. பக்கத்தில் நீயும் குனிந்தாய். நிமிர்ந்தபோது உன் கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கல்.

"ஏட்டி, கீழ போடு. யாருக்காவது பட்டிரும்" என்றேன்.

"படத்தானே எறியுறது" என்றாய்.

அப்போதுதான் மேடையின் பின்வரிசையிலிருந்து ஒல்லியாக ஓர் ஆள் கிடாரைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். ஒரு செருப்பு வந்து அவர் தோளில் அடித்தது. அவர் அதை எடுத்துப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, மைக் இல்லாமல், வெறும் கிடாரோடு பாட ஆரம்பித்தார். முன்னால் இருந்தவர்கள் பின்னால் திரும்பி "சும்மா இருங்கலே" என்று கத்தினார்கள். சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது.

மொத சங்குக்கு எந்திரிச்சவ,
ரெண்டாஞ் சங்குக்குச் சோறு வடிச்சவ,
மூணாஞ் சங்குக்கு ஓடுதா. அவளுக்குத்
தலை சீவிவிட யாரு இருக்கா?

எந்தச் சினிமாவிலும் வராத பாட்டு. அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டது என்று பிறகுதான் தெரிந்தது. மில் சங்கைப் பற்றி ஒரு பாட்டு இருக்க முடியும் என்று அதுவரை நாம் இருவருமே நினைத்ததில்லை. நீ மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். கல் உன் மடியில் கிடந்தது. பாட்டு முடிந்ததும் என் காதருகே குனிந்து, "அவியளுக்கு எப்பிடிட்டி தெரியும், எனக்குத் தலை சீவ ஆளில்லன்னு?" என்று கேட்டாய். கரண்டு வந்தது. சினிமாப் பாட்டு மறுபடி தொடங்கியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. நீ சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாய். "வா, போவோம். இனி என்ன இருக்கு."

உன் கை சும்மா இருக்காது என்பது ஊருக்கே தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உரசியவனை நீ அறைந்த அறையில் அவன் மூக்குக் கண்ணாடி டிரைவர் காலடியில் போய் விழுந்தது. மேஸ்திரி ஒருவன் ஒரு பிள்ளையின் சடையைப் பிடித்து இழுத்ததற்கு நூல் கூம்பால் அவன் மண்டையைப் பிளந்தாய். ஆனால் நீ அடித்ததைவிட வாங்கியது அதிகம். உன் புருஷன் மில் காண்ட்ராக்டரின் ஆள். வேலைக்கு வராதவர்களை மிரட்டவும், சங்கம் என்று பேசுகிறவர்களை உதைக்கவும் காண்ட்ராக்டர் சில ஆட்களை வைத்திருந்தார். அவனும் அவன் தம்பியும் அதில் முக்கியமானவர்கள். வெளியில் செய்த வேலையை அவன் வீட்டுக்குள்ளும் செய்தான். வீங்கிய கன்னத்தில் பவுடர் அப்பிக்கொண்டு நீ வேலைக்கு வருவாய். நான் பார்த்தும் பாராமல் இருந்தால், "கேக்க மாட்டியோ? நானும் குடுத்தேன்ட்டி. ஆனா அவரு கை பெருசு, அம்புட்டுத்தான்" என்பாய்.

அந்தக் கிடார்காரர் பேர் ஜெயசீலன் என்று கண்டுபிடித்தது நீதான். செட்டியார்பட்டிக்காரர். பகலில் ரேடியோ ரிப்பேர்க் கடை. அந்த மெல்லிசைக் குழுவில் அவருக்குக் கிடார் வாசிக்க மட்டும்தான் அனுமதி. சொந்தப் பாட்டைப் பாட விட மாட்டார்கள். கரண்டு போனால்தான் அவருக்கு வாய்ப்பு. அதனால் மற்ற கூட்டமெல்லாம் கரண்டு போகக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும்போது, நாம் இரண்டு பேரும் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம். நீ உன் மாரியம்மனிடம், நான் என் கர்த்தரிடம். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கச்சேரி. இரு தெய்வங்களும் கண் திறக்கவில்லை. "செத்த நேரம் இரு, வாரேன்" என்று எழுந்து போனாய். கொஞ்ச நேரத்தில் மேடை இருண்டது. பந்தலுக்குப் பின்னாலிருந்து நீ முந்தானைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வந்தாய். மேடைக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியிலிருந்து பிடுங்கிய பீஸ் கட்டை.

ஜெயசீலன் அண்ணன் அன்று நாலு பாட்டுப் பாடினார். நடுவில் ஒரு கம்பி அறுந்து அவர் கன்னத்தில் கீறியது. அவர் நிறுத்தவில்லை. மீதிக் கம்பிகளில் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முடிந்ததும் நேராக நம்மிடம் வந்தார். நம்மைவிட மூத்தவர், ஆனாலும் நம்மை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, ஒரு நா ஷாக் அடிச்சு போய்ச் சேரப் போறிய" என்றார். நீ பீஸ் கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்து, "குழுக்காரங்க உங்களப் பாடவிட்டா நான் எதுக்கு இதைப் பிடுங்கப் போறேன்?" என்று சண்டை பிடித்தாய்.

அதற்குப் பிறகு அவர் பாடிய இடமெல்லாம் நாம் இருந்தோம். செட்டியார்பட்டி வேதக் கோவிலில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து மழையில் நின்று கேட்டோம். கல்யாண வீட்டில் பந்திக்கும் பந்திக்கும் இடையில் கேட்டோம். நடுவில் கைதட்டினால் அவருக்குப் பிடிக்காது. "தட்டாதிய, அடுத்த வரி ஓடிப்போயிரும்" என்பார். ஒரு கல்யாணத்தில், பாட்டு நடுவே சத்தமாகப் பேசிய மாப்பிள்ளை வீட்டாரை நீ முறைத்த முறைப்பில் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். நமக்குப் பிறகு மில்லில் இன்னும் பல பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் பஞ்சு ஒட்டிய தலைகள் தெரிந்தால் அவர் முகம் மலரும். அந்த முகத்தை நினைக்கையில் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சின்னப் பிள்ளை முகம்.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயம் முருகேஸ்வரி செத்துப்போனாள். வன்னியம்பட்டிப் பெண். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் நின்று தினமும் மில் வேனில் வருவாள். அவள் தாவணி மெஷின் பெல்ட்டில் சிக்கியது. நீதான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடித்து நிறுத்தினாய். நிறுத்தியபோது நிறுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவளை மெஷினிலிருந்து பிரித்து எடுத்தவர்களில் நீயும் ஒருத்தி. அன்று முழுவதும் நீ கை கழுவிக்கொண்டே இருந்தாய். மறுநாள் காண்ட்ராக்டர் எல்லோரையும் நிறுத்தி வைத்து, அந்தப் பெண் வேலை நேரத்தில் தூங்கிவிட்டாள், அதனால்தான் இப்படி ஆயிற்று என்றார். பெல்ட்டுக்குத் தடுப்பு இல்லை என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு வெளியில் வாய் திறந்த இரண்டு பேரை உன் புருஷன் சைக்கிள் செயினால் அடித்தான்.

நீ ஜெயசீலன் அண்ணன் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாய். கையில் சால்டரிங் கம்பியோடு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அது சூடு ஆறியதுகூட அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பாட்டு வந்தது.

வேன் வந்து நிக்குது விலக்குல,
ஏற வேண்டியவ ஏறலை.
ஒரு சீட்டு காலியா வருது,
யாரும் அதுல உக்காரலை.
தூங்கிட்டாள்னு சொன்னவரே,
எழுப்பிப் பாத்தீரா?

பாட்டு வேனுக்குள் ஏறியது. வேனிலிருந்து மில்லுக்குள் போயிற்று. வைண்டிங்கில் ஒருத்தி வாய்க்குள் முனக, அடுத்த வரியை அந்தக் கோடியில் இன்னொருத்தி எடுப்பாள். மெஷின் சத்தத்தில் யார் பாடியது என்று கண்டுபிடிக்க முடியாது. காண்ட்ராக்டருக்கு வெறி பிடித்துவிட்டது. பாடுகிறவளைப் பிடிக்க முடியவில்லை, எழுதினவனைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவுக்கு ஜெயசீலன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். தனிக் கச்சேரி. நோட்டீஸில் அவர் பேர் மட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரண்டு இருக்கும்போதே அவர் பாட்டை அவர் பாடப் போகிறார். நோட்டீஸை நீ ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாய். அதை உன் புருஷன் பார்த்துவிட்டான். கச்சேரி அன்று மத்தியானம் அவனும் அவன் தம்பியும் உன் வீட்டில் உட்கார்ந்து பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாய். உயிரை எடுக்க வேண்டாம், இடது கை விரல்கள் போதும், பிறகு அவன் எப்படி வாசிக்கிறான் பார்ப்போம் என்று பேசினார்கள். நீ வெளியே வந்து, "அவிய மேல கை வச்சா, தூங்கும்போது உன் தலையில அம்மிக்கல்லப் போடுவேன்" என்று சொல்லியிருக்கிறாய். அவன் உன் முகத்தை நிலைப்படியில் மோதினான். முன்பல் இரண்டு போயிற்று. உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டுப் போனான். நீ பரணில் ஏறி, ஓட்டைப் பிரித்து, பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டத்தில் குதித்து, பஸ் பிடித்து வந்தாய்.

பந்தலில் நான் உனக்கு இடம் போட்டு வைத்திருந்தேன். வாயில் துணியைப் பொத்திக்கொண்டு நீ வந்தபோது அடையாளம் தெரியவில்லை. துணி முழுக்க ரத்தம். என்னிடம் நிற்காமல் மேடைக்குப் பக்கவாட்டில் நின்ற ஜெயசீலன் அண்ணனிடம் போனாய்.

"அண்ணே, இன்னைக்குப் பாடாதிய. எங்க வீட்டு ஆளும் அவன் தம்பியும் வாராங்க. உங்க கை விரலத்தான் குறி வச்சிருக்காங்க."

அவர் உன் வாயைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. பயந்துவிட்டார். அதை நான் நன்றாகப் பார்த்தேன். பயப்படாத ஆள் இல்லை அவர். "கெளம்பிருவோமா?" என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார். பிறகு பந்தலைத் திரும்பிப் பார்த்தார். முதல் வரிசையில் முருகேஸ்வரியின் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அந்தம்மா அந்தப் பாட்டைக் கேக்கத்தான் வந்திருக்காவ. அந்த ஒண்ண மட்டும் பாடிட்டு எறங்கிருதேன் அக்கா."

"அப்ப சரி. பாடுங்க. நான் முன்னால நிக்கேன்."

ஒடிந்து கிடந்த பெஞ்சின் கால் ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு மேடை ஓரத்தில் போய் நின்றாய். இன்னும் வெளிச்சம் இருந்தது. கோவில் கோபுரத்தில் கிளிகள் அடைந்துகொண்டிருந்தன. அவர் பாட ஆரம்பித்தார். வேன் வந்து நின்றது, சீட்டு காலியாக வந்தது. முருகேஸ்வரியின் அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். "தூங்கிட்டாள்னு சொன்னவரே" என்று அவர் இழுத்த அந்த இழுப்பில், பந்தலின் பின்பக்கம் குப்பென்று பற்றியது.

கீற்று எரிகிற வேகம் கண்டவர்களுக்குத்தான் தெரியும். ஜனங்கள் பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். நான் கீழே விழுந்து இரண்டு பேர் என் முதுகில் மிதித்துக்கொண்டு போனார்கள். தலையைத் தூக்கினபோது மேடையில் ஐந்தாறு ஆட்கள் ஏறியிருந்தார்கள். இரண்டு பேர் ஜெயசீலன் அண்ணனைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார்கள். அவர் கிடாரை விடவில்லை. உன் கொழுந்தன் இரும்புக் கம்பியை ஓங்கினான். கிடாரின் கழுத்தில் இருந்த அந்த விரல்களுக்கும் கம்பிக்கும் நடுவில் நீ உன் இடது கையைக் கொடுத்தாய். அந்தச் சத்தம் எனக்கு அத்தனை கூச்சலிலும் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். உன் முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கமாகத் திரும்பித் தொங்கியது.

பிறகு அடித்தாய். பெஞ்சுக் காலால் முதலில் கொழுந்தன் முழங்காலில். அவன் உருண்டு கீழே விழுந்தான். பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். உன் புருஷன் செயினைச் சுழற்றிக்கொண்டு வந்தான். செயின் உன் தோளைக் கிழித்தது. நீ அவன் முகத்தில் அடித்தாய். அவன் தாடை கோணிப் போயிற்று. மண்டியிட்டான். மறுபடி அடித்தாய். சாய்ந்தான். சாய்ந்த பிறகும் அடித்தாய். இத்தனை வருஷத்து அடி அது. ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டே இருந்தாய். அவன் முகம் முகமாகவே இல்லை. எனக்கு அவனைவிட உன்னைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

ஜெயசீலன் அண்ணன் கிடாரைக் கீழே போட்டுவிட்டு உன்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். "போதும்க்கா. செத்துருவான்க்கா."

"சாவட்டும்."

"உங்களத் தூக்கி உள்ள வச்சிருவான்வக்கா. பொறவு என் பாட்டை யாரு கேப்பா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உன் கை தாழ்ந்தது. தலைக்கு மேலே கீற்று எரிந்து விழத் தொடங்கியிருந்தது. நான் மேடையில் ஏறிக் கிடாரை எடுத்துக்கொண்டேன். என் புறங்கை பொசுங்கியது. திரும்பிப் பார்த்தால் நீ உன் புருஷனைச் சட்டைக் காலரைப் பிடித்து, ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு வருகிறாய். ஏனென்று கேட்டதற்கு, "எரிஞ்சு சாகறதுக்கு நான் அடிக்கலட்டி" என்றாய். வெளியே மண்ணில் அவனைப் போட்டுவிட்டு, அவன் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே உன்னைக் கைது செய்தார்கள். கொலை முயற்சி என்று வழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடந்தது. காண்ட்ராக்டர் வைத்த வக்கீல், "கீழே விழுந்து கிடந்த மனுஷனை எத்தனை அடி அடிச்சீங்க?" என்று உன்னிடம் கேட்டார். நீ, "எண்ணலய்யா. அவரு என்னைய அடிச்சப்ப அவரும் எண்ணல" என்றாய். எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். முருகேஸ்வரியின் அம்மா சாட்சி சொன்னாள். நான் சொன்னேன். ஜெயசீலன் அண்ணன் கூண்டில் ஏறித் தன் இடது கையை விரித்துக் காட்டி, "இது இப்படி முழுசா இருக்குதுன்னா அந்த அக்கா கை ஒடிஞ்சதாலதான்" என்று சொல்லிவிட்டு அழுதார். உன்னை விடுதலை செய்தார்கள். உன் புருஷனும் அவன் தம்பியும் ஜெயிலுக்குப் போனார்கள். வெளியே வந்த பிறகு அவன் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. காண்ட்ராக்டர் மேல் ஒரு கீறல் விழவில்லை.

உன் கை கோணலாகவே கூடியது. மில்லில் உன்னைச் சேர்க்கவில்லை. பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலைக்குப் போனாய். அதெல்லாம் உனக்குப் பெரிதாகப் படவில்லை. ஜெயசீலன் அண்ணன் பாடுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டதுதான் உன்னைக் கொதிக்க வைத்தது. என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாய். கிடார் உறை போட்டு அலமாரி மேலே இருந்தது.

"ஏன் பாடலை?"

"எப்பிடிக்கா பாடுவேன்? உங்க கையப் பாத்தா எனக்குத் தொண்டை அடைக்குது. என்னாலதானே."

"உங்களாலயா? நான் என்ன உங்களுக்காகவா கையக் குடுத்தேன்? பாட்டுக்குக் குடுத்தேன். நீங்க பாடாம உக்காந்திருந்தா என் கை சும்மா ஒடிஞ்சதுன்னு ஆயிரும். அதுக்கு நான் ஒத்துக்கிட மாட்டேன்." கோணிய கையை அவர் மேசையில் தட்டினாய். ரேடியோ திருகுகள் சிதறின. "நீங்க பாடுதியளா, இல்ல அன்னைக்கு அவனுக விட்ட வேலைய நானே முடிக்கட்டுமா?"

அவர் சிதறிய திருகுகளைப் பொறுக்கி மேசையில் வைத்தார். பிறகு ஸ்டூலில் ஏறிக் கிடாரை இறக்கினார்.

மறு வாரம் திங்கட்கிழமை காலை. ஷிப்ட் மாறும் நேரம், மில் கேட் முன்னால். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாகப் பெண்கள் கூட்டம். காண்ட்ராக்டர் தன் ஜீப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜெயசீலன் அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். மேடை இல்லை, மைக் இல்லை. கிடாரை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். நீ அவருக்குப் பக்கத்தில், கோணிய கையை மறைக்காமல், எல்லோரும் பார்க்கும்படி நின்றாய். அவர் கம்பியை மீட்டினார். பாட்டை முதலிலிருந்து எடுப்பார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் முதலிலிருந்து எடுக்கவில்லை. பந்தல் பற்றிய இடத்தில், அறுந்துபோன அந்த இடத்திலிருந்து எடுத்தார். காண்ட்ராக்டரை நேராகப் பார்த்து எடுத்தார்.

"எழுப்பிப் பாத்தீரா?"

அவர் மறுபடி கேட்டார். காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் ஓர் அடி முன்னால் வைத்தான். நீ காலில் இருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாய். அவன் நின்றுவிட்டான். மூன்றாவது தடவை அவர் பாடும்போது வேன் பக்கமிருந்து ஒரு குரல் சேர்ந்தது. பிறகு என் குரல். பிறகு யார் குரல் எது என்று தெரியாமல் போயிற்று. அத்தனை பெண்களும் ஒரே வரியை, மெஷின் சத்தத்தின் மறைப்பு இல்லாமல், வெட்டவெளியில் கேட்டோம். காண்ட்ராக்டர் டீக் கிளாஸைப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எனக்கும் இன்னும் சிலருக்கும் அன்றே வேலை போயிற்று. ஆனால் அந்த மாதத்திலேயே மெஷின் பெல்ட்டுகளுக்கெல்லாம் கம்பி வலை அடித்தார்கள். எதற்காக என்று யாரும் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் நீ சிரித்தாய். முன்பல் இல்லாத சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ இடத்தில் பாடினார். நாமும் போனோம். பிறகு மனைவியின் வேலை மாற்றலானதால் அவர் குடும்பத்தோடு வெளியூர் போனார், அங்கேயே நெஞ்சு வலியில் இறந்தார். செய்தி கேட்டு நீயும் நானும் போய்த் துக்க வீட்டில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். ஒரு கேசட்டில்கூட அவர் குரல் கிடையாது. கேட்டவர்களோடு சரி.

நீ ஒருநாள் அவரைப் பற்றிச் சொன்னாய்: "எனக்குக் கோவம் மட்டுந்தான் இருந்துச்சுட்டி. அதை எங்க கொண்டு வைக்கதுன்னு அவியதான் காட்டுனாவ."

எனக்கு உன்னைப்போலக் கோபம் வராது. பயம்தான் வரும். இன்றும் அப்படித்தான். ஆனால் முந்தாநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறார்களே, அந்தப் பையன் பெண்டாட்டியை அடிக்கிற சத்தம் கேட்டது. சாயங்காலம், தெருவே கேட்டுக்கொண்டு இருந்தது. நான் போய்க் கதவைத் தட்டினேன். பயந்துகொண்டேதான் தட்டினேன். அவன் திறந்து, ஓங்கிய கையை இறக்காமல், "யாரு கெழவி நீ? உனக்கு இங்க என்ன சோலி?" என்றான்.

என் பேரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? உன் பேரைச் சொன்னேன். "நான் அவ கூட்டாளி" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் உள்ளே, அடுப்படி வாசலில், அதுவரை மகனைத் தடுக்காமல் நின்றிருந்த அவன் அம்மா வெளியே வந்தாள். என்னை உற்றுப் பார்த்தாள். அவள் தலை நரைத்திருந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, கையக் கீழ போடு."

அவன் போட்டான். அந்தப் பெண் அவனைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு வேன் பக்கம் நின்னு மொதல்ல சேந்து பாடுனது நான்தான்க்கா" என்றாள்.